கவிழ்ந்த கிண்ணம்

ஏடு எறியப்பட்டது! வாள் எழுந்தது! மன்னன் மறைநூலை மண்ணிலே வீசினானாம். மறைநூலின் மானம் காக்க மறவர் பாய்ந்தனராம். பொழுது சாய்வதற்குள் ஆயிரக்கணக்கான உடல்கள் சாய்ந்தனவாம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில், கசமார்க்கா என்னும் ஊரின் சதுக்கத்திலே, 1532ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நடந்த நிகழ்ச்சியை, வென்றவர்கள் இப்படித்தான் எழுதி வைத்தார்கள். வென்றவர் ஸ்பானியர். வீழ்ந்தவன் இன்காப் பேரரசன் அதகுவால்பா.

வகுப்பறையிலே நாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்த ராஜா ஏன் புத்தகத்தை வீசினான்? சும்மா இருந்தவன் திடீரென்று வீசுவானா?" என்று கேட்டான். "அவனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வீசினான்" என்று சொல்லி அவனை உட்கார வைத்தோம். மணி அடித்தது, தப்பித்தோம்! ஆனால், அந்தக் கேள்வியிடமிருந்து தப்ப முடியவில்லை. எழுத்தறியாதவர் எத்தனையோ பேர் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோமே! படிக்கத் தெரியாமை, வீசுவதற்குக் காரணமாகுமா?

விடை தேடி ஏடுகளைப் புரட்டினோம். வீசப்பட்ட ஏட்டுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் இருந்தது. பொற்கிண்ணம்! ஏடு எறியப்படுமுன்பே அந்தக் கிண்ணம் கவிழ்க்கப்பட்டிருந்தது என்று, தோற்றவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கூறுகிறது. அந்தக் கிண்ணம் எத்தகையது? அதை வார்த்தவன் யார்? ஏந்தியவன் யார்? அதில் ஊற்றியது எவருடைய உழைப்பு? இவற்றை அறிந்தாலன்றி, கவிழ்த்ததன் பொருள் விளங்காது.

இணை பிரியாக் கிண்ணங்கள்

ஆண்டீஸ் மலைநாட்டு மக்கள் மலைச்சரிவுகளைப் படிப்படியாகச் செதுக்கினர், வாய்க்கால் வெட்டினர், மக்காச்சோளம் விளைவித்தனர். அந்தச் சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இடித்து, நீரிலே காய்ச்சி, புளிக்கவைத்து ஒரு பானம் செய்தனர். அதன் பெயர் சிச்சா. மதுவின் பெருமை பாடுவது நம் நோக்கமன்று. அந்த நாட்டிலே அந்தப் பானம் செய்த வேலையைச் சொல்வதே நோக்கம். அங்கே நாணயம் கிடையாது. இன்காப் பேரரசு வடக்கே இன்றைய கொலம்பியாவின் தென்பகுதியிலிருந்து தெற்கே சிலி நாட்டின் நடுப்பகுதிவரை பரந்து கிடந்தது; அத்தனை பெரிய அரசிலே காசு என்ற ஒன்று புழங்கவில்லை. உழைப்புக்கு ஈடாகத் தரப்பட்டது விருந்து. விருந்தின் உயிர் சிச்சா. சிச்சாவின் உடல் கிண்ணம்.

மரத்திலே குடைந்த கிண்ணத்துக்குக் கெரோ என்று பெயர். பொன்னிலும் வெள்ளியிலும் செய்ததை அக்கில்லா என்றனர். வாய் அகன்று, அடி சற்று ஒடுங்கி, கைப்பிடி இல்லாமல் நிற்கும் கிண்ணம் அது. அதன் சிறப்பு வடிவிலே இல்லை, எண்ணிக்கையிலே இருக்கிறது. அந்தக் கிண்ணங்களை இரண்டிரண்டாகச் செய்தனர். ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு, இரட்டைப் பிள்ளைகளைப் போல! காரணம் என்ன? அந்த மண்ணிலே எவனும் தனித்துக் குடிப்பதில்லை. விருந்தளிப்பவன் இரண்டு கிண்ணங்களையும் நிரப்புவான். ஒன்றை விருந்தினனிடம் நீட்டுவான். மற்றொன்றைத் தான் ஏந்துவான். இருவரும் ஒருசேரப் பருகுவர். இன்று நான் தருகிறேன், நாளை நீ தரவேண்டும் என்பது அதன் உட்பொருள். எழுதாத ஒப்பந்தம், கையெழுத்தில்லாத பத்திரம்!

ஒவ்வோர் ஊரும் மேல் பகுதி, கீழ்ப் பகுதி என இரு பாதிகளாக அமைந்திருந்தது. தலைநகரமாம் குஸ்கோவும் அப்படியே. இரு பாதியும் சேர்ந்தால்தான் ஊர் முழுமை. இரு கிண்ணமும் சேர்ந்தால்தான் விருந்து முழுமை. நீட்டிய கிண்ணத்தை வாங்காதவன் உறவை மறுத்தவன். வாங்கிக் கொட்டியவன்? அவனைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

கொல்லனின் கைவண்ணம்

இந்தக் கிண்ணங்களைச் செய்தவர்கள் இன்கா மன்னர்களுக்கு மிகவும் முந்தியவர்கள். டிட்டிகாக்கா ஏரிக்கு அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட பொன்மணி மாலை ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அரசும் இல்லாத, அரண்மனையும் இல்லாத சிற்றூர் மக்கள் பொன்னைத் தட்டி மணியாக்கினர். அங்கே தொடங்கிய கலை, பெருவின் வடகடற்கரையிலே உச்சியைத் தொட்டது. லம்பயேக்கே பகுதியில், ஏறத்தாழ கி.பி. 900 முதல் 1100 வரை சிக்கான் மக்கள் தழைத்திருந்த காலத்தில், பொற்கிண்ணங்கள் அடுக்கடுக்காகச் செய்யப்பட்டன.

எப்படிச் செய்தனர்? நம் பொற்கொல்லன் கையிலே துருத்தி உண்டு. காம்பு போட்ட சுத்தியல் உண்டு. அவர்களுக்கு இரண்டும் இல்லை! களிமண் முனை பொருத்திய நீண்ட குழல்களை வாயில் வைத்து, பலர் சுற்றி அமர்ந்து, மூச்சை ஊதி ஊதியே உலையை எரித்தனர். துருத்தி செய்யவேண்டிய வேலையை நுரையீரல் செய்தது. கைக்கு அடங்கிய வழவழப்பான கல்லே சுத்தியல். பொன்னை வட்டத் தகடாகத் தட்டுவான், தட்டத் தட்டத் தகடு இறுகும், இறுகியதை மேலும் தட்டினால் விரிந்துவிடும், ஆகவே, நெருப்பில் காய்ச்சி இளக்குவான், மீண்டும் தட்டுவான். தட்டுதல், காய்ச்சுதல், தட்டுதல், காய்ச்சுதல். ஒட்டும் பற்றும் இல்லாமல், ஒரே தகடு மெல்ல மெல்ல எழுந்து ஒரு கிண்ணமாக நிற்கும்! அதன் வயிற்றிலே உட்புறமிருந்து தட்டி, முகமும் மகுடமும் காதணியும் புடைத்தெழச் செய்வான்.

சில கிண்ணங்களின் அடிப்பகுதியை இரட்டைத் தளமாக்கி, இடையிலே சிறு மணிகளை இட்டு மூடியிருக்கிறார்கள். கிண்ணத்தைத் தூக்கினால் கலகலவென ஒலிக்கும்! குடிக்கும் ஓசை கொலுமண்டபம் முழுவதும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் போலும்.

பொன் குறைவான இடத்தில், பொன்னோடு செம்பும் வெள்ளியும் கலந்த கலவையிலே வேலை செய்தனர். அந்தத் தகட்டைக் காய்ச்சுந்தோறும் மேற்பரப்பிலுள்ள செம்பு கறுத்து ஏடாகப் படியும், புளிப்பு நீரில் தோய்த்து அதைக் களைவர், மறுபடி காய்ச்சுவர், மறுபடி களைவர். முடிவில், உள்ளே ஒளிந்திருந்த பொன் வெளியே வந்து பளபளக்கும். மேலே முலாம் பூசவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொணர்ந்தனர். எழுத்தறியாத நாடு என்று ஏளனம் செய்யப்பட்ட நாட்டின் வேதியியல் இது!

சிக்கானுக்குப் பின் எழுந்தது சிமூ அரசு. அதன் தலைநகர் சான் சான், 20 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் களிமண்ணால் எழுந்த மாநகர். சிமூக் கொல்லரின் வெள்ளிக் கிண்ணங்கள் புகழ் பெற்றவை. தென்கடற்கரையில் இக்கா பகுதியிலோ, பருந்து மூக்குடன் மனித முகம் முன்னே நீளும் வெள்ளிக் கிண்ணங்கள் செய்தனர். ஏறத்தாழ 1470இல் இன்காக்கள் சிமூ நாட்டை வென்றபோது கொள்ளையிட்ட செல்வத்தில் சிறந்தது எது தெரியுமா? கொல்லர்கள்தாம்! கடற்கரைக் கைவினைஞர்களைக் குடிபெயர்த்து, குஸ்கோவுக்கு அழைத்துச் சென்றனர். அரசனுக்குப் பொன் வேண்டும். அதைவிட, பொன்னைப் பேச வைக்கும் கை வேண்டும்!

பொன் அங்கே, சுரை இங்கே

இந்த இடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். பழமையின் பளபளப்பைக் கண்டதும் கண் கூசி, "ஆகா, பொற்காலம்!" என்று கைகூப்புவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. பொற்கிண்ணம் யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும்.

பொன்னும் வெள்ளியும் அரச குடும்பத்துக்கும், அரசன் அருள் பெற்ற தலைவர்களுக்கும் மட்டுமே. உழவன் குடித்தது சுரைக்குடுவையில், மண் கலயத்தில், மிஞ்சினால் மரக் கெரோவில். சோளத்தை விளைவித்தவன் அவன். அதை இடித்துக் காய்ச்சியது பெண்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' என்று பெயர் சூட்டி, ஊர் ஊராய்ச் சிறுமிகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், மதில் சூழ்ந்த மனைகளில் அடைத்து, அரசனுக்காக ஆடை நெய்யவும் சிச்சா காய்ச்சவும் வைத்தனர். பெயர் பெருமை, வாழ்வு சிறை!

இணைக் கிண்ணத்தின் சமத்துவ வழக்கத்தை இன்கா மன்னர்கள் ஆட்சிக் கருவியாக்கினர். புதியதொரு நாட்டின்மீது படையெடுக்குமுன், அந்நாட்டுத் தலைவனுக்கு ஓர் இணைக் கிண்ணமும் நல்லாடையும் அனுப்புவர். ஏற்றுக்கொண்டால் உறவு, உறவு என்றால் பணிவு. மறுத்தால் போர். கிண்ணம் இரண்டும் ஒரே அளவுதான். ஆனால், அவற்றை ஏந்திய கைகள் ஒரே அளவு அல்ல!

ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு இத்தனை நாள் அரசுக்கு உழைத்தாக வேண்டும். அந்த முறைக்கு மித்தா என்று பெயர். சாலை போட, பாலம் கட்ட, மன்னன் நிலத்தை உழ ஆட்கள் அணியணியாய் வருவர். அரசு கைம்மாறாக விருந்தளிக்கும். மலைமேலிருந்த உவானுக்கோ பம்பா என்னும் இன்கா நகரை ஆய்ந்தவர்கள் கண்டது என்ன? குன்றின்மேல் வரிசை வரிசையாக ஏறத்தாழ 500 களஞ்சியங்கள். நடுவே பல்லாயிரவர் கூடத்தக்க சதுக்கம். அதைச் சுற்றிலும் பெரும்பெரும் சிச்சாப் பானைகளின் உடைந்த ஓடுகள் குவியல் குவியலாய்! ஆண்டு முழுதும் விளைந்தது களஞ்சியத்துக்குப் போயிற்று. அதிலிருந்து ஒரு கலயம் விருந்தாய்த் திரும்பி வந்தது. உழைப்பாளியின் உழைப்பையே ஊற்றிக் கொடுத்து, 'அரசனின் கொடை' என்றனர். வாங்கிய உழவனும் வாழ்த்தினான்!

எனினும் ஒன்றை மறுக்கலாகாது. கலயமாவது வந்தது. விருந்து வைக்காத அரசனுக்கு உழைக்க மறுக்கலாம் என்ற நினைப்பாவது அங்கே இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதையும் பறித்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

பிணங்களின் பந்தி

கதிரவன் விழாவிலே இன்கா மன்னன் இரு பொற்கிண்ணங்களை ஏந்தி நிற்பான். வலக்கைக் கிண்ணம் கதிரவனுக்கு. இடக்கைக் கிண்ணம் தனக்கும் தன் சுற்றத்துக்கும். கதிரவனுக்கென உயர்த்திய சிச்சாவைப் பொற்சாடியில் ஊற்ற, அது கால்வாய் வழியே கோயிலுக்குள் ஓடி மறையும். இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா, 1609இல் வெளியிட்ட தம் நூலில் இதை விளக்குகிறார். கதிரவன் குடித்தானாம்! அவன் பங்கு மண்ணுக்குள் போயிற்று; மன்னனோ அவன் பிள்ளை என்ற பட்டத்தோடு மகிழ்ந்திருந்தான்.

இதனினும் விந்தை, இறந்த மன்னர்களின் விருந்து. இன்கா மன்னன் மாண்டால் புதைக்கமாட்டார்கள். உடலைப் பதப்படுத்தி வைப்பார்கள். அவனுடைய அரண்மனை, நிலம், பணியாளர் அத்தனையும் அந்த உடலின் பெயரிலேயே நீடிக்கும். அவன் வழியினர் அவற்றை ஆண்டு அனுபவிப்பர். குஸ்கோ சதுக்கத்தில் அந்த உடல்களை வரிசையாக அமர்த்தி, முன்னே பொன், வெள்ளி, மண் சாடிகளில் சிச்சா வைத்து, பிணம் பிணத்துக்கு வாழ்த்துக் கூறிக் குடிப்பதாகவும், பிணம் உயிருள்ளவர்களுக்கு வாழ்த்துக் கூறிக் குடிப்பதாகவும் நடத்துவர்! நேரில் கண்ட பெட்ரோ பிசாரோ என்னும் ஸ்பானியன் இதை 1571இல் எழுதியிருக்கிறான். நாட்டின் நல்ல நிலமெல்லாம் செத்தவர்களிடம் சிக்கியிருக்கிறது என்று சினந்து, அவர்களைப் புதைத்துவிடப் போவதாக உவாசுகார் மன்னன் கூறினான் என்றும், அதனாலேயே பிரபுக்கள் பலர் அவனைப் பகைத்தனர் என்றும் அதே ஏடு சொல்கிறது. செத்தவனுக்குச் சோறு என்றால், அதைத் தின்பவன் இருப்பவன்தானே! எந்த நாட்டிலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

சிச்சாக் கிண்ணத்துக்குக் கொடிய முகமும் உண்டு. அர்ஜென்டினாவின் லுலாய்லாக்கோ மலைமுடியில், 6,700 மீட்டருக்கு மேல், 1999ஆம் ஆண்டு மூன்று குழந்தைகளின் உடல்கள் பனியில் உறைந்து அழியாமல் கிடைத்தன. தெய்வத்துக்கெனப் பலியிடப்பட்ட இன்காக் காலக் குழந்தைகள். மூத்தவளுக்கு ஏறத்தாழ 13 வயது. அவள் கூந்தலை ஆய்ந்து 2013இல் அறிவியலாளர் வெளியிட்ட முடிவு: அவள் வாழ்வின் கடைசி வாரங்களிலே மதுவும் கோக்கா இலையும் மிகுதியாக ஊட்டப்பட்டிருக்கின்றன. மலை ஏறும்வரை மயக்கத்திலேயே வைத்திருந்தனர்! அவளைப் படைத்தவர்கள் பக்தர்கள். அவள் நிலையை எடுத்துச் சொன்னதோ, அவள் தலைமுடி.

அரசியல் வெறியும் அந்தக் கிண்ணத்தில் நிரம்பியது. உவாசுகாரும் அதகுவால்பாவும் உடன்பிறந்தார். அரியணைக்காக நாட்டையே இரு கூறாக்கிப் போரிட்டனர். பகைத் தளபதி ஒருவனின் தலையைப் பதப்படுத்தி, உச்சியிலே பொற்கிண்ணம் பொருத்தி, அதிலே அதகுவால்பா சிச்சா பருகினான் என்று ஸ்பானியர் ஏடு கூறுகிறது. ஆகவே, நாம் இன்கா மன்னனுக்காக வழக்குரைக்க வரவில்லை. வழக்கிலே விடுபட்ட சாட்சியைக் கூண்டிலேற்றவே வந்திருக்கிறோம்.

கவிழ்த்தவன் யார்?

1532 நவம்பரில் பிரான்சிசுகோ பிசாரோ 168 பேருடன் கசமார்க்காவை அடைந்தான். ஊருக்கு வெளியே வெந்நீர் ஊற்றுகளருகே தங்கியிருந்த அதகுவால்பாவைக் காண, 15ஆம் நாள் எர்ணாண்டோ டி சோட்டோவும், பிசாரோவின் தம்பி எர்ணாண்டோவும் குதிரையேறிச் சென்றனர். பெண்கள் பொற்கிண்ணங்களில் சிச்சா ஏந்தி வந்தனர். ஸ்பானியர் தயங்கினர், பிறகு பருகினர். இது ஸ்பானியர் எழுதிய வரலாறு.

இன்னொரு வரலாறும் உண்டு. டிட்டு குசி யுபாங்கி என்பவர் அதகுவால்பாவுக்கு உடன்பிறந்தார் மகன். ஸ்பானியருக்குப் பணியாமல் வில்கபம்பா மலைக்காட்டில் ஆண்ட இன்கா. அவர் 1570இல், ஸ்பெயின் மன்னனுக்கு அனுப்புவதற்கென, தம் குடும்ப வரலாற்றைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அதில் வருகிறது அந்தக் காட்சி. தம் பெரியப்பன் வந்தவர்களை வரவேற்றார். பொற்கிண்ணத்தில் தங்கள் பானத்தை ஊற்றித் தந்தார். வாங்கிய ஸ்பானியன் அதைத் தரையிலே கொட்டினான். பெரியப்பன் கடுஞ்சினம் கொண்டார். பிறகு அவர்கள் ஓர் ஏட்டைக் காட்டியபோது, தம் பானத்தை மதியாதவர்களின் ஏட்டைத் தாமும் மதியாமல் வீசினார் என்கிறார்!

எது உண்மை? டிட்டு குசி அந்த இடத்தில் இருந்தவரல்லர். 38 ஆண்டுகள் கழித்து, தம் உரிமையை நிலைநாட்டச் சொன்னவர். ஸ்பானியர் அங்கே இருந்தவர்கள். ஆனால், படுகொலைக்கு நியாயம் தேட வேண்டியவர்கள். இரு தரப்புக்கும் வழக்கிலே பங்கு உண்டு. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது நீதியாகாது. அதைத்தான் வரலாறு என்ற பெயரில் நெடுங்காலம் செய்திருக்கிறார்கள். கிண்ணத்தின் பொருளை அறிந்தவர்களுக்கு டிட்டு குசி சொன்னதன் ஆழம் விளங்கும். இருவர் பருக வேண்டிய உறவை ஒருவன் மண்ணில் கொட்டுவது, அவன் நாட்டிலே மறைநூலை மண்ணில் எறிவதற்குச் சமம். இவர்களுக்கு ஏடு புனிதம். அவர்களுக்குக் கிண்ணம் புனிதம். இவர்களுடைய புனிதம் வீசப்பட்டதற்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் விலை! அவர்களுடைய புனிதம் கொட்டப்பட்டதற்கு? ஒரு வரி கூட இல்லை!

மறுநாள் 16ஆம் நாள், வல்வெர்டே என்னும் பாதிரியார் சிலுவையும் ஏடுமாய் முன்வந்தார். மொழிபெயர்ப்பாளன் வழியே மதம் போதித்தார். ஏடு வீசப்பட்டது. ஒளிந்திருந்த குதிரைப்படை பாய்ந்தது, பீரங்கி முழங்கியது. ஒளிந்திருந்த என்பதைக் கவனியுங்கள்! ஏடு எறியப்பட்டதனால் எழுந்த சினமென்றால், எறிவதற்கு முன்பே பதுங்கியது ஏன்?

உலைக்குப் போன உறவு

சிறைப்பட்ட அதகுவால்பா விலை பேசினான். ஏறத்தாழ 22 அடி நீளமும் 17 அடி அகலமுமான அறையை, கையுயர்த்தித் தொடும் அளவுக்குப் பொன்னால் நிரப்புவேன்; வெள்ளியால் இருமுறை நிரப்புவேன் என்றான். பொன் வந்தது. குஸ்கோவின் கதிரவன் கோயிலிலிருந்து பெயர்த்த 700 பொற்றகடுகள் வந்தன. சாடிகள் வந்தன; கிண்ணங்கள் வந்தன; இணை இணையாகச் செய்தவை குவியல் குவியலாகக் கொட்டப்பட்டன.

1533இல் உலை மூட்டினர். உருக்கியவர் யார்? அந்நாட்டுப் பொற்கொல்லர்களே! தட்டித் தட்டி எழுப்பிய கைகளைக் கொண்டே, அவற்றை உருக்கிக் கட்டிகளாக்க வைத்தனர். தாயின் கையாலேயே பிள்ளையின் கழுத்தை நெரிக்கச் செய்த கொடுமை இது! 6,000 கிலோவுக்கு மேல் பொன்; 11,000 கிலோவுக்கு மேல் வெள்ளி. குதிரை வீரன் ஒவ்வொருவனுக்கும் ஏறத்தாழ 40 கிலோ பொன்னும் 80 கிலோ வெள்ளியும் பங்கு. ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு. உருக்காமல் ஸ்பெயினுக்கு அனுப்பிய சில அருங்கலைப் பொருள்களும் தப்பவில்லை. 1535இல் பேரரசன் சார்லஸின் ஆணைப்படி நாணயச் சாலையின் உலைக்கே சென்றன.

விலை கொடுத்த அதகுவால்பாவை விட்டார்களா? 1533 ஜூலை 26இல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மதம் மாறினால் எரிக்காமல் நெரிப்போம் என்பதே அவனுக்குக் காட்டிய கருணை!

காசே அறியாத நாட்டின் கிண்ணம், காசாகிவிட்டது. 1545இல் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டனர். 1570களில் டொலிடோ என்னும் ஆளுநர், பழைய மித்தா முறையின் பெயரை வைத்துக்கொண்டே, ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கட்டாயமாகச் சுரங்கத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். இன்கா வாங்கிய உழைப்புக்கு ஒரு கலயம் கைம்மாறு உண்டு என்றோமே, அது எங்கே? உழைப்பு மட்டும் நின்றது, விருந்து போயிற்று. 1812இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை தலைமுறை தலைமுறையாய் மலைக்குள் இறங்கினர்.

மரம் பேசிற்று

இன்று காட்சிச் சாலைகளில் நாம் காணும் ஆண்டீஸ் பொற்கிண்ணங்களில் இன்காக்களுடையவை மிகச் சில. பெரும்பாலானவை சிக்கான், சிமூ கல்லறைகளில் கிடைத்தவை. உயிரோடிருந்தவன் கையில் இருந்தது உருகிற்று. செத்தவனோடு புதைந்தது பிழைத்தது! அதையும் விட்டார்களா? லம்பயேக்கேப் பகுதியின் பத்தான் கிராண்டே மணல்வெளியைக் கல்லறைத் திருடர் சல்லடைக் கண்ணாகத் துளைத்தனர். அங்கே 1990களின் தொடக்கத்தில் இசுமி சிமாடா என்னும் ஆய்வாளர், திருடர் கைபடாத கல்லறை ஒன்றை முறையாக அகழ்ந்தார். ஒரே ஒரு பிரபுவோடு புதைத்த பொருள்களின் எடை ஏறத்தாழ 1.2 டன்! அதில் பெரும்பகுதி உலோகம். திருடன் கையிலிருந்து வந்த கிண்ணம் அழகை மட்டுமே காட்டும். ஆய்வாளன் அகழ்ந்த கல்லறை, அந்த அழகை ஊட்டி வளர்த்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் காட்டுகிறது.

பொன் போயிற்று. ஆனால், மரம் இருந்தது. மர கெரோக்களில் மக்கள் தங்கள் உருவங்களையும், தங்கள் மன்னரையும், தங்கள் பூக்களையும் வண்ணப் பிசினால் தீட்டினர். அந்த உருவங்களில் பழைய நினைவு உயிர் பெற்று உலவுவதைக் கண்டு அஞ்சிய டொலிடோ, அவற்றைத் தீட்டலாகாது எனத் தடை விதித்தார். தடை தோற்றது, கெரோ வென்றது! நூற்றாண்டுகள் கடந்தும் இணை இணையாக மரக் கிண்ணங்கள் செய்தனர். உருகாத மரம், உருகிய பொன்னின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

எழுத்திலும் ஒருவர் சொன்னார். குவாமன் போமா என்னும் ஆண்டீஸ் மைந்தர், ஏறத்தாழ 1615இல், 398 படங்களுடன் 1,189 பக்கக் கடிதம் ஒன்றை ஸ்பெயின் மன்னனுக்கு எழுதினார். கிண்ணம் ஏந்திய இன்காவை அதிலே வரைந்திருக்கிறார். ஸ்பானியர் செய்த கொடுமைகளையும் வரைந்திருக்கிறார். அந்த ஏடு எங்கே கிடந்தது? டென்மார்க் நாட்டு அரச நூலகத்தில், 1908இல்தான் அதன் பெருமை உணரப்பட்டது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஒரு சாட்சி வாய்மூடிக் கிடந்தது!

இப்போது நம் மாணவனுக்கு விடை சொல்ல வேண்டும். சொன்னோம். மறுநாள் வகுப்பிலே, நேற்று நாம் சொன்னது தவறு என்று முதலில் சொன்னோம். பிறகு, கிண்ணத்தின் கதையைச் சொன்னோம். இரண்டு சாட்சிகளையும் அவர்கள் முன் வைத்தோம். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். "அப்படியென்றால் ஐயா, நாம் படிக்கிற மற்றப் பாடத்துக்கும் இப்படி இன்னொரு பக்கம் இருக்குமா?" என்று கேட்டான்.

அன்றும் மணி அடித்தது. தப்பித்துக்கொள்ள நாம் முனையவில்லை. "இருக்கும் தம்பி, தேடு" என்றோம். வீசப்பட்ட ஏட்டைப் பற்றி எவரேனும் சொன்னால், கவிழ்க்கப்பட்ட கிண்ணம் எங்கே என்று கேட்போம். பொற்கிண்ணத்தைப் புகழ்ந்தால், அதிலே ஊற்றியது எவர் வியர்வை என்று கேட்போம்! இரண்டு கேள்விகளும் இணைக் கிண்ணங்கள். ஒன்றை மட்டும் ஏந்துபவன் அரைக் கதைதான் அறிவான்.